மழை என்று சொன்னேன்

உங்கள் அம்மா போடும் டீயில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், அக்கா. அதை நான் ஒரு நாளும் அவர்களிடம் சொன்னதில்லை. உங்கள் தம்பி கதிர் சொல்வான். "இன்னாம்மா இது, டீயா பாயசமா?" என்பான். "குடிச்சா குடி, இல்லாட்டி ஊத்திடு" என்பார்கள் அவர்கள். அவன் குடித்துவிடுவான். நான் இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிப்பேன். எனக்கு அந்த வீட்டில் நல்ல பெயர் வந்தது அப்படித்தான்.

நேற்று வாசலில் வைத்து என்னைக் கேட்டீர்கள். "மனோ, அம்மாவுக்கு நீ இன்னா காட்டின? சோறா களியான்னு கேட்டாகூட பதில் சொல்ல மாட்டேன்றாங்க. நான் பெங்களூர் போக ஸ்டேஷனுக்குக் கெளம்பினா கையப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க. 'போ'ன்னும் சொல்றதில்ல, 'இரு'ன்னும் சொல்றதில்ல." நான் "தெரியலக்கா" என்றேன். அது பொய். இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் கணினி விளையாட்டு ஆடுகிறவர் இல்லை. அதனால் நடுநடுவே சில விஷயங்களை விளக்க வேண்டியிருக்கும். விளக்குவது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் என் வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒரு செயலியில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அழுத்தி, ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்துச் சொல்கிற சோதனையாளன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கங்கள் இல்லாவிட்டால் நான் செய்தது இருப்பதைவிடச் சின்னதாகவோ பெரியதாகவோ தெரியும்.

நானும் கதிரும் கல்லூரிக் காலத்திலிருந்து ஒரு விளையாட்டு ஆடிவந்தோம். அதன் ஆங்கிலப் பெயர் நீளமானது. நாங்கள் 'ஏழு வாசல்' என்போம். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை அது. ஒரு கதைக்குள் நீங்கள் ஓர் ஆளாகப் போகிறீர்கள். அந்த ஆளின் பெயர், முகம், குணம் எல்லாம் உங்கள் விருப்பம். வழியில் யாராவது பேசினால் திரையின் கீழே மூன்று நான்கு பதில்கள் வரும். அதில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். திருடனை விட்டுவிடலாம், காட்டிக்கொடுக்கலாம், அவனோடு சேர்ந்து திருடலாம். நீங்கள் செய்வதை இந்த உலகம் மறக்காது என்று அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. மூன்று பாகங்கள், பல வருட இடைவெளியில் வந்தன. முதல் பாகத்தில் செய்தது மூன்றாம் பாகத்தில் திரும்பி வரும் என்றார்கள். நாங்கள் நம்பினோம்.

கதிர் தன் ஆளுக்குக் கதிர் என்றே பெயர் வைத்தான். முகத்தைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தான். கன்னம், தாடை, புருவம் ஒவ்வொன்றையும் இழுத்து நகர்த்தி அமைக்க வசதி உண்டு. மூக்கு மட்டும் சரியாக வரவில்லை. கடைசியில் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்த்துச் செய்தான். "சோறு பொங்கினு கீது, வுடுடா" என்று அவர்கள் நின்றபடியே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலைக்குப் போகும் காலை ரயிலில் நம் தங்கவயல் ஊரிகத்தில் ஏறினால் பெங்களூரில் இறங்கும்வரை எங்களுக்கு இதே பேச்சு. எதிர் இருக்கையில் சீட்டாடுகிற பாபு அண்ணன் கிண்டல் செய்வார்.

"இன்னாபா, அந்த ராஜாவக் கொன்னுட்டீங்களா, இன்னும் பேசிக்கினே கீறீங்களா?"

"கொல்லலாமா வேணாமான்னு கேக்குது பாபுண்ணா."

"குடுத்து வெச்சவங்கடா. எங்க வூட்ல என்னை எவ கேக்குறா?"

மூன்றாம் பாகத்தின் முடிவில் ஏழு வாசல்கள் வரும். இத்தனை வருடமாக நீங்கள் எடுத்த முடிவுகளைப் பொறுத்து அவற்றில் சில திறக்கும், சில மூடியிருக்கும். நான் என் வாசலைத் திறந்தேன். கதிர் அவனுடையதைத் திறந்தான். இரண்டும் ஒரே கூடத்துக்குப் போயின. ஒரே சிம்மாசனம், ஒரே கிழவன், அதே வாக்கியங்கள். திரைச்சீலையின் நிறம் மட்டும் வேறு. மற்ற ஐந்தையும் வேறு வேறு ஆட்கள் இணையத்தில் திறந்து காட்டினார்கள். எல்லாம் அதே கூடம்.

கதிர் சிரித்தான். என்னை அவன், பெங்களூர்ப் பையன்கள் 'மச்சான்' என்பது போலக் கன்னடத்தில் சொல்கிற 'மகா' என்றுதான் கூப்பிடுவான். "எங்க தாத்தா வேலை செஞ்ச கோல்டு மைன் மாதிரி கீது மகா. கீழ எத்தினி லெவல் இருந்தா இன்னா, ஆளுங்களத் தூக்கினு வர்ற கேஜ் ஏறுறது ஒரே ஷாஃப்ட்ல" என்றான். அதோடு அவனுக்கு அது முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. ரசிகர்கள் கூடும் தளங்களில் பக்கம் பக்கமாக எழுதினேன். கதை எழுதிய பெண்மணியின் பெயரைக் கண்டுபிடித்து, அவர் தன் குழந்தையின் படத்தைப் போட்டிருந்த இடத்தில் போய், எங்கள் எட்டு வருடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். பிறகு அவர் அந்தப் படத்தை எடுத்துவிட்டார். இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் வெட்கப்பட வேண்டியவற்றில் இது சின்னது.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தனி வழி என்றால், அந்த வழியில் வருகிற அடுத்த தேர்வுக்கு இன்னும் சில தனி வழிகள் வேண்டும். கொஞ்ச தூரத்துக்குள் யாராலும் எழுத முடியாத அளவுக்குக் கிளைகள் பெருகிவிடும். அதனால் எழுதுகிறவர்கள் கிளைகளை மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். நாங்கள் அதை மடிப்பு என்போம். நீங்கள் திருடனை விட்டாலும் பிடித்தாலும் அவன் அடுத்த ஊரில் செத்துக் கிடப்பான். வேலை தெரிந்தவர் மடித்தால் மடிப்பு கண்ணில் படாது. ஏழு வாசலில் பட்டுவிட்டது. எங்கள் கோபமெல்லாம் அதுதான்.

இனி கதிர் போன நாள். அது உங்களுக்குத் தெரியும். பூதிகோட்டையில் ஒரு நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் பைக்கில் போனான். சாயங்காலம் உங்கள் அம்மா கூப்பிட்டு, காலையில் வேலைக்குப் போகணும், ராத்திரி தங்காதே, கிளம்பி வா என்றார்கள். அவன் கிளம்பினான். மழை. ஏரிக்கரை வளைவில் வண்டி சறுக்கியது. தூக்கியவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அந்த நாளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து நீங்கள் பெங்களூர் திரும்பிய பிறகு, ஒரு நாள் உங்கள் அம்மா என்னிடம் அவன் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார்கள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். போட்டோவில் இருக்கிற முகம் அசையவே மாட்டேன் என்கிறது என்றார்கள்.

இந்த விளையாட்டுகளில் சேவ் என்று ஒன்று உண்டு. ஆட்டத்தை எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ அந்த இடத்தை அப்படியே பாதுகாத்து வைப்பது. பிடிக்காத முடிவு வந்தால் அந்த இடத்துக்குத் திரும்பிப்போய் வேறு மாதிரி ஆடிப் பார்க்கலாம். கதிரின் கடைசி சேவைத் திறந்தேன். ஒரு சத்திரத்தின் முன்னால், தோளில் மழைக் கம்பளியோடு நின்றுகொண்டிருந்தான். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் விட்டால் இந்த ஆட்கள் சிலை மாதிரி நிற்கமாட்டார்கள். மார்பு ஏறி இறங்கும், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பார்கள். ஆட்டம் உறைந்துபோகவில்லை என்று தெரிவதற்காக அப்படிச் செய்வார்கள்.

"மூச்சு வுடுறான் மனோ" என்றார்கள் உங்கள் அம்மா.

நான் மேலே சொன்னதையெல்லாம் அவர்களுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்றார்கள்.

அதன் பிறகு தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் சாயங்கால ரயிலில் வந்து நேராக அங்கே போவேன். வெறுமனே நிற்கிற கதிரை அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இந்த விளையாட்டின் கோப்புகளைத் திறந்து மாற்றி எழுத முடியும். ரசிகர்கள் நிறையப் பேர் செய்கிற வேலைதான். நான் அதைத் திருப்பிப் போட்டேன். அதுவரை கதிர்தான் ஆடுகிறவன். இப்போது உங்கள் அம்மாவை ஆடுகிறவராக்கி, கதிரைக் கூடவே நடந்து வருகிறவனாக ஆக்கினேன். அப்படி வருகிறவன் பேசுவான். அவன் பேச்சைத் தமிழில் நான் எழுதினேன். கஷ்டமாக இல்லை. எத்தனையோ வருடமாக அவன் எனக்கு அனுப்பிய செய்திகள் என் போனில் இருந்தன. அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அவன் முதலில் பேசியது, "இன்னாம்மா, சாப்ட்டியா? மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கீது?" என்பது. உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, பதில்களில் எதை அழுத்துவது என்று என்னைக் கேட்டார்கள். உங்களுக்கு எது தோணுதோ அது ஆன்ட்டி என்றேன்.

அது நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். அப்போது உண்மையிலேயே நல்லதாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் நான் மடித்து எழுதியிருந்தேன். அவர்கள் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதிர் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொல்வான். கொஞ்ச நாளில் உங்கள் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "மனோ, நான் எதச் சொன்னாலும் இவன் சிரிக்கிறான். வேணும்னே திட்டிப் பாத்தேன், அதுக்கும் சிரிக்கிறான். என் புள்ளையா இது? ஒரு வார்த்த சொன்னா மூஞ்சத் தூக்கினு போய்டுவானே" என்றார்கள்.

எட்டு வருடம் ஆடிவிட்டு நாங்கள் சொன்ன குறையை அவர்கள் சில நாளில் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கூசிப் போயிற்று. ரயிலில் உட்கார்ந்து மடிப்புகளைப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். இப்போது அவர்கள் சொல்வதைக் கதிர் நினைவில் வைத்துக்கொள்வான். தலைமுடியைப் பற்றிச் சொன்னால் முறைப்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான், அன்றைக்குத் திரும்ப வரமாட்டான். மறுநாள் சமாதானம் செய்தால்தான் பேசுவான். எப்படிச் சமாதானம் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வாரம் வேறு மாதிரி இருப்பான். தப்பாகச் சொல்லிவிட்டால் சேவுக்குத் திரும்பிப்போவது எப்படி என்று அவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பொத்தான் என்று ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக் காட்டினேன்.

உங்கள் அம்மா மாறிப்போனார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே வந்து, உள்ளே இருப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "இன்னிக்கி எப்டி கீறான்? நேத்து கோவமா போனானே" என்று கேட்பார்கள். எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். காலையில் நான்தானே எழுதினேன். இருந்தாலும் "பாக்கலாம் ஆன்ட்டி" என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஒரு மகிழ்ச்சி இருந்தது. தன் தேர்வு உண்மையிலேயே எதையோ மாற்றுகிறது என்று நம்பி ஆடுகிற ஓர் ஆளை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் கம்பெனியில் அத்தனை பேர் சேர்ந்து செய்ய முடியாததை சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரு லைன் வீட்டின் முன்னறையில் நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பௌர்ணமிக்குப் புத்த விகாரைக்குப் போவதை அவர்கள் நிறுத்தினார்கள். பெங்களூரில் உங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார்கள். முட்டி வலி என்று உங்களிடம் சொல்லும்படி யோசனை சொன்னது நான்தான். கதிர் ஒரு சண்டைக்கு நடுவில் இருந்தான். இப்போது அவர்கள் போய்விட்டால் அந்த இடம் வீணாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

ஒரு நாள் நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உங்கள் அம்மா பேசுவது கேட்டது. திரையில் இருந்த பதில்களை அவர்கள் அழுத்தவில்லை. வாயால் பேசினார்கள்.

"நான் வான்னு சொன்னதாலதானேடா வந்த. வரலியே வரலியேன்னு போன் மேல போன் பண்ணேன். தூக்கினவங்க சொன்னாங்க, உன் போன் அடிச்சினே இருந்துச்சாம். என் போனை எடுக்கத்தான் கைய வுட்டியாடா?"

வாயால் கேட்டால் பதில் சொல்ல அவனுக்கு வழி கிடையாது. மார்பு ஏறி இறங்க நின்றுகொண்டிருந்தான்.

நான் கதவோரம் நின்றேன். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், இதை ஒரு காட்சியாக எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் யோசனை இதுதான். நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இப்போது யோசித்தாலும் எனக்கு அதில் ஓட்டை தெரியவில்லை. உங்கள் அம்மாவின் வேதனை, தான் வேறு மாதிரி செய்திருந்தால் மகன் பிழைத்திருப்பான் என்பது. வேறு மாதிரி செய்தாலும் அதேதான் நடந்திருக்கும் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் அந்த வேதனை போய்விடும். எல்லா வாசலும் ஒரே கூடத்துக்குப் போவது ரசிகனுக்கு ஏமாற்றம். ஒரு தாய்க்கு அது ஆறுதல். நான் வெறுத்த அதே மடிப்புக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று கண்டபோது எனக்கு உற்சாகமாக இருந்தது.

அந்தக் காட்சியை நன்றாகச் செய்தேன். பூதிகோட்டைச் சாலைக்கு நேரில் போய் அந்த வளைவைப் படம் எடுத்து வந்தேன். ஏரி விளையாட்டிலேயே இருந்தது. மழையும் இருந்தது. குதிரைக்குப் பதிலாக யாரோ ஒரு ரசிகர் செய்து வைத்திருந்த பைக்கைக் கொண்டுவந்து பொருத்தி, நம்பர் பிளேட்டில் கதிரின் எண்ணைப் போட்டேன். பிறகு உங்கள் அம்மாவுக்கான பதில்களை எழுதினேன். 'கிளம்பி வா' என்று சொல்லலாம். அவன் வருவான், வளைவில் விழுவான். 'அங்கேயே தங்கு' என்று சொல்லலாம். காலையில் பனியில் வருவான், அதே வளைவில் விழுவான். வழியில் போன் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். 'மெதுவா வா' என்று சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து மடித்தேன். இந்தத் தடவை மடிப்பு நன்றாகத் தெரியும்படியே மடித்தேன்.

நான் செய்த தவறு, விளையாட்டு ஆடுகிற எவனும் செய்யக் கூடாத தவறு. முடிவு பிடிக்காத ஆட்டக்காரன் என்ன செய்வான் என்பதை மறந்துவிட்டேன். அவன் சேவுக்குத் திரும்பிப்போவான். எங்கேயோ ஒரு நல்ல முடிவு ஒளிந்திருக்கிறது என்று எல்லாக் கிளையையும் ஆடிப் பார்ப்பான். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம்.

காட்சியைப் பொருத்திவிட்டு நான் காலை ரயிலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. தலை வாரியிருக்கவில்லை. சிவப்புப் பொட்டு தேய்ந்து பாதி உரிந்திருந்தது.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் மனோ" என்றார்கள். "பஸ்ல வான்னு சொல்ல ஒண்ணு வெக்கலியே நீ. தேடித் தேடிப் பாத்தேன்."

"வெச்சாலும் அப்படித்தான் ஆன்ட்டி ஆகும். அதான் காட்டினேன். உங்க மேல தப்பு இல்ல."

"நான் போன் பண்ணலன்னாலும் வுழறான்."

"ஆமா ஆன்ட்டி."

"அப்ப எதுக்கு வுழுந்தான்?"

"மழை ஆன்ட்டி."

"மழைல எத்தினி தடவ வந்துக்கிறான். அதே ரோட்ல. அவனுக்கு அந்த வளைவு தெரியாதா?" என்னை நேராகப் பார்த்தார்கள். "வேற இன்னாவோ கீது மனோ. அத நீ எழுதல."

"வேற ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. மழைதான்."

அவர்கள் திரையின் பக்கம் திரும்பினார்கள். அதில் வளைவும் மழையும் இருந்தன. "அப்ப நான் எது சொன்னாலும் செத்துடுவான்" என்றார்கள். "வான்னாலும் சாவான், இருன்னாலும் சாவான். நான் வாயத் தொறக்காம இருந்திருக்கணும்."

நான் சொல்ல நினைத்தது இதற்கு நேர் எதிரானது. ஆனால் அவர்கள் அதில் படித்தது இதைத்தான். அப்படிப் படிக்கவும் இடம் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். "டீ போடட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன். அவர்கள் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எதற்கும் சொல்வதில்லை. நீங்கள் கிளம்பும்போது அவர்கள் ஏன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறார்கள் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். 'போ' என்றாலும் 'இரு' என்றாலும் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள்.

இப்போது அந்த நாளின் மீதியைச் சொல்கிறேன்.

ரசிகர்கள் போட்ட கூச்சலில் அந்தக் கம்பெனி முடிவைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டது. அது வெளிவந்தது கதிர் போன அந்த ஞாயிற்றுக்கிழமை. கதிர் பூதிகோட்டையிலிருந்து வந்ததும் சேர்ந்து பார்ப்பதாகப் பேசியிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாக ஆடிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அவ்வளவுதான். கூடம் அதே கூடம்.

கதிருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கும்வரை செய்துகொண்டே இருந்தேன். எடுத்தான். காற்றும் மழையும் கேட்டன.

"வண்டில கீறேன் மகா. வூட்டுக்கு வந்து பேசறேன்."

"ரெண்டு நிமிஷம்டா. ஓட்டினே கேளு."

போனை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டான். நான் ஒவ்வொரு வாசலாக விளக்க ஆரம்பித்தேன். அவன் நடுவில் ஒரு தடவை, "மகா, மழை ஜாஸ்தியா கீது" என்றான். நான் நிறுத்தவில்லை. ஐந்தாவது வாசலைச் சொல்லும்போது சிரித்தான். "வுடு மகா, கதைதானே" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதைதானே என்று சொல்லாதே, எட்டு வருடம் என்று கத்தினேன். அவன் பதில் சொல்ல வந்தான். அப்போது ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

அவன் கட் செய்துவிட்டான் என்று நினைத்தேன். முடிவை முன்னாலேயே சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வராததால் மறுபடி மறுபடி கூப்பிட்டேன். தூக்கியவர்கள் கேட்ட போன் சத்தம் என்னுடையது. அவன் வரவில்லையே என்று உங்கள் அம்மா போன் செய்ய ஆரம்பித்தது வெகுநேரம் கழித்து. ஒரு நாள் அவர்கள் டீ போட உள்ளே போயிருந்தபோது அவர்கள் போனை எடுத்து, என் போனில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கிளம்பி வா என்று சொன்ன பிறகு அவர்கள் முதல் தடவை கூப்பிடும்போது கதிர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்தான். போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு டீயை வாங்கிக் குடித்தேன்.

அது அந்தக் காட்சியை எழுதுவதற்கு முன்பு. எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். உங்கள் அம்மா சொல்லக்கூடியது, செய்யக்கூடியது எல்லாவற்றுக்கும் ஒரு கிளை வைத்தேன். என் போனுக்கு வைக்கவில்லை. எல்லாக் கிளையிலும் கதிர் விழுந்ததற்குக் காரணம் மழை இல்லை. அவனை விழவைத்ததை நான் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் உங்கள் அம்மாவின் கையில் கொடுத்து ஆடச் சொன்னேன். அவர்கள் நாள் முழுவதும் ஆடினார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கள் கையால்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு கொஞ்சம் சுலபமாக வருகிறது அக்கா. உங்களிடமாவது சொல்லிவிட்டேன்.

அம்மாவிடமும் போய்ச் சொல் என்பீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன். இப்போது அவர்கள் இருக்கிற நிலையில் அதைத் தாங்கமாட்டார்கள். கதிர் போன பிறகு என்னைத்தான் பிள்ளை மாதிரி நினைக்கிறார்கள். அதையும் அவர்களிடமிருந்து பிடுங்குவது சரியில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவர்களுக்காகத்தான்.

அதற்குப் பதிலாக அந்தக் காட்சியைத் திருத்திவிட்டேன். அதைக் கதிரின் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறேன். இதில் மழை இல்லை. வழியில் யாருடைய போனும் அடிக்காது. பஸ்ஸில் வா என்பதையும் சேர்த்திருக்கிறேன். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து அவர்களை ஆட வையுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்கினால் விரலைப் பிடித்து நீங்களே அழுத்திவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லா வழியிலும் நானே போய்ச் சோதித்துவிட்டேன். உங்கள் அம்மா எதை அழுத்தினாலும் கதிர் வீட்டுக்கு வந்துவிடுவான்.